நெல்லுக்கு எந்தப் பூஞ்சை: மைக்கோரைசாவா, டிரைக்கோடெர்மாவா, அல்லது தண்ணீர் கட்டும் முறையை மாற்றினாலே போதுமா?

தண்ணீரையும் உரத்தையும் குறைத்து நெல் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் அடுத்து தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். வேருக்குள் குடியேறிச் சத்து கொண்டுவரும் மைக்கோரைசா பூஞ்சையை வாங்குவதா, நோய்ப் பூஞ்சையை ஒடுக்கும் டிரைக்கோடெர்மா போதுமா, இல்லை இரண்டும் வேண்டாம், தண்ணீர் கட்டும் முறையை மட்டும் மாற்றினால் ஆகிவிடுமா? கேட்கும் இடமெல்லாம் வேறு வேறு பதில் வருகிறது. ஒரே பொருளைப் போட்ட இருவரில் ஒருவருக்குத் தூர் நன்றாகக் கட்டியிருக்கும், இன்னொருவருக்கு ஒரு மாற்றமும் தெரிந்திருக்காது. இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். வித்தியாசம் பெரும்பாலும் வாங்கிய பையில் இல்லை, வயலில் இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பூஞ்சை என்பது இரண்டாவது கேள்வி. வயலில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் பூஞ்சை வாங்கினால், பணம் வீணாவதற்கே வாய்ப்பு அதிகம்.

## எதை வைத்து எடை போடுவது?

மகசூல் இத்தனை சதவீதம் கூடும் என்று அட்டையில் போட்டிருப்பதை வைத்து ஒப்பிட்டால் எல்லாமே நல்ல பொருள்தான். நெல் வயலுக்கு அளவுகோல்கள் வேறு.

காற்று. இங்கே பேசும் பூஞ்சைகள் அனைத்துக்கும் ஆக்சிஜன் வேண்டும். தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. நீர் நிறுத்திய சேற்றில் மேல்தோலுக்குக் கீழே ஆக்சிஜன் சில நாள்களிலேயே தீர்ந்துவிடும். உங்கள் வயலில் அந்தப் பூஞ்சை உயிரோடு இருக்குமா என்பதே முதல் சல்லடை.

எந்தச் சத்து? "உரம் குறையும்" என்ற பேச்சு போதாது. தழைச்சத்து (நைட்ரஜன்) தரும் யூரியாவைக் குறைக்க நினைப்பவருக்கும், முக்கியமாக மணிச்சத்து (பாஸ்பரஸ்) தரும் டிஏபியைக் குறைக்க நினைப்பவருக்கும் விடை ஒன்றல்ல.

எந்தத் தண்ணீர்? 1 கிலோ நெல் விளைய, மழையும் பாசனமும் சேர்த்து சராசரியாக 2,500 லிட்டர் வயலுக்குள் போகிறது என்பது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. அதில் சுமார் 1,400 லிட்டர்தான் பயிர் வழியாகவும் மண்பரப்பிலிருந்தும் ஆவியாகிறது. மற்றதெல்லாம் கீழே இறங்கியும் வரப்பில் கசிந்தும் போய்விடுகிறது. பயிர் குடிக்கும் தண்ணீரில் பூஞ்சை ஏதாவது செய்யலாம். கசியும் தண்ணீரை அதனால் தடுக்க முடியாது. பெரிய சேமிப்பு இருப்பதோ அந்தக் கசிவில்தான்.

வெளியே தெரியாத செலவு. களை, கூலி, பொருளை வைத்துக் காப்பது, தவிர்க்க வேண்டிய மருந்துகள்.

சான்று எங்கே கிடைத்தது? மண்ணை அவித்துக் கிருமி நீக்கிய தொட்டியில் கிடைத்த பலன், ஆயிரம் உயிர்கள் போட்டியிடும் வயலில் அப்படியே கிடைக்காது.

## தண்ணீர் வடியும்போது மண்ணில் நடப்பது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். பூஞ்சை எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பதன் சாவி இங்கேதான் இருக்கிறது.

நெல் வயலில் தண்ணீர் நின்றால் மண்ணிலுள்ள இரும்பு வேதிமாற்றம் அடைந்து கரையும். அந்த இரும்போடு ஒட்டிக் கிடந்த மணிச்சத்தும் அவிழ்ந்து கரைசலுக்கு வரும். அதனால்தான் நீர் நிறுத்திய நெல், அதே மண்ணில் மேட்டுப்பயிர் திணறும் இடத்தில்கூட மணிச்சத்துக் குறையைப் பெரிதாகக் காட்டுவதில்லை. தண்ணீர்தான் அங்கே பூஞ்சையின் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அந்த நிலையில் மைக்கோரைசாவைக் கொண்டுவந்து விட்டால், அதற்குச் செய்ய வேலையும் குறைவு, மூச்சுவிடக் காற்றும் இல்லை.

தண்ணீரை வடித்தால் கதை திரும்பும். காற்று உள்ளே இறங்க, இரும்பு மறுபடி கட்டியாகி மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மணிச்சத்து மண்ணில் நகராத சத்து. வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தூரத்தில் இருப்பதை வேர் உறிஞ்சிவிட்டால் அந்த இடம் வெறுமையாகிவிடும், தள்ளி இருப்பது தானாக வந்து சேராது. மைக்கோரைசாவின் இழைகள் வேர்த்தூவியைவிட மெல்லியவை. வேரிலிருந்து பல சென்டிமீட்டர் தூரம் வரை ஓடி, வேர் நுழைய முடியாத துளைகளில் புகுந்து மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவந்து கொடுக்கும். தண்ணீர் குறைந்த வயலில்தான் இந்த உதவிக்கு மதிப்பு.

இதற்குத் தெளிவான சான்று இத்தாலியிலிருந்து 2011இல் வந்தது. தொடர்ந்து நெல் மட்டும் போட்டு, உரம் நிறையக் கொடுக்கும் வயல்களையும், ஐந்தாண்டுப் பயிர்ச்சுழற்சியில் இயற்கை முறையில் நடக்கும் வயல்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு மண்ணையும் எடுத்து அதில் க்ளோவர் என்ற தீவனப் பயிரை வளர்த்தபோது, அதன் வேரில் மைக்கோரைசா இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் குடியேறியது. ஆனால் வயலில் நின்ற நெல்லின் வேரில் பார்த்தால், உரம் மிகுந்த வயலிலும் தொடர்ந்து நீர் நிறுத்திய இடத்திலும் ஒன்றுகூட இல்லை. இயற்கை முறை வயல் நெல்லின் வேரில் வழக்கம்போல் இருந்தது. பூஞ்சை மண்ணில் இல்லாமல் போகவில்லை. வேருக்குள் வர வழி இல்லாமல் காத்துக் கிடந்தது. அந்த வயலில் மேலும் ஒரு பை கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

உரம் தடுப்பதற்கும் காரணம் தெரிந்துவிட்டது. மணிச்சத்துப் பற்றாக்குறையை உணர்ந்தால் நெல்வேர் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற பொருளைக் கசியவிட்டுப் பூஞ்சையை அழைக்கும். போதுமான மணிச்சத்து இருந்தால் அழைப்பையும் நிறுத்திவிடும், கதவையும் சாத்திவிடும். பூஞ்சைக்குக் கூலி உண்டு, இலை தயாரிக்கும் கார்பனில் 4 முதல் 20 சதவீதம் வரை அதற்குப் போகிறது. தேவையில்லாதபோது பயிர் அந்தக் கூலியைக் கொடுக்காது. ஆக, முழு அளவு டிஏபியும் போட்டு மைக்கோரைசாவும் போடுவது ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் செலவு.

## வழி 1: எதையும் வாங்காமல் காய்ச்சலும் பாய்ச்சலும்

தண்ணீரைக் கட்டி, அது வடிந்து மண்ணுக்குள் இறங்கியபின் மறுபடி கட்டும் முறை. எப்போது கட்டுவது என்பதைக் கண்ணால் ஊகிக்க வேண்டாம். 30 சென்டிமீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை போட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் புதைத்து, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிட்டால் போதும். குழாய்க்குள் நீர்மட்டம் மண்பரப்பிலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே போனதும் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டலாம். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிலிருந்து பூத்து ஒரு வாரம் வரை காயவிடக் கூடாது. நட்ட முதல் இரண்டு வாரம் களைக்காக நீர் நிறுத்துவது நல்லது.

இங்கே பேசப்போகும் நான்கு வழிகளில் மிக வலுவான வயல் சான்று இதற்குத்தான் இருக்கிறது. 2017இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 56 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. 15 சென்டிமீட்டர் எல்லைக்குள் காயவிட்ட வயல்களில் மகசூல் குறிப்பிடும்படி குறையவில்லை, தண்ணீர் சுமார் 23 சதவீதம் மிச்சமானது. எல்லை மீறிக் காயவிட்ட இடங்களில் மகசூல் சராசரியாக 22.6 சதவீதம் சரிந்தது. மீத்தேன் வெளியேற்றமும் ஏறக்குறைய பாதியாகக் குறையும். அரிசியில் ஆர்சனிக் குறையும், ஆனால் காட்மியம் உள்ள மண்ணில் அது கூடக்கூடும்.

வெளியே தெரியாத செலவுகள் இரண்டு. ஒன்று, களை. தண்ணீர்தான் இலவசக் களைக்கொல்லியாக இருந்தது, அது போனால் கையோ கருவியோ வேண்டும். இரண்டு, தழைச்சத்து. மண் காய்ந்தபோது அதிலுள்ள அம்மோனியம், நைட்ரேட் வடிவத்துக்கு மாறும், மறுபடி தண்ணீர் கட்டியதும் அந்த நைட்ரேட் வாயுவாகிப் பறந்துவிடும். யூரியாவை மொத்தமாகக் காய்ந்த மண்ணில் வீசாமல், பிரித்து, தண்ணீர் கட்டுவதற்குச் சற்று முன் போடுவது இதனால்தான். இலையின் பச்சையை ஒப்பிட்டு யூரியா எப்போது வேண்டும் என்று காட்டும் இலை வண்ண அட்டையை வைத்துப் போட்டால் யூரியா செலவு இந்த ஒரு பழக்கத்திலேயே குறையும். எந்தப் பூஞ்சையும் செய்யாத வேலை அது.

தண்ணீர் உங்கள் கையில் இருந்தால், அதாவது கிணறோ மோட்டாரோ உங்களுடையதாக இருந்தால், இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். முறைவைத்து விடும் வாய்க்கால் தண்ணீரை நம்பி இருப்பவர், 15 சென்டிமீட்டரில் தண்ணீர் வேண்டும் என்று நினைத்தாலும் அது வராது. அவருக்கு இது ஆபத்து. உப்பு மேலேறும் மண்ணிலும் காயவிடுவதை யோசித்தே செய்ய வேண்டும்.

## வழி 2: மைக்கோரைசா

வேம் என்றும் வேர் உட்பூஞ்சை என்றும் சொல்வது இதைத்தான். ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த சுமார் 40 கோடி ஆண்டு பழைய புதைபடிவச் செடிகளிலேயே இந்த உறவு தெரிகிறது. நெல்லும் அதை மறக்கவில்லை. வேர்ச் செல்லுக்குள் பூஞ்சை ஒரு சிறு மரம்போல் கிளைவிட்டு நிற்கும். அந்தக் கிளைகளின் விளிம்பில்தான் சத்து கைமாறும். அங்கே மணிச்சத்தை வாங்குவதற்கென்றே நெல்லில் தனி மரபணு இருக்கிறது. கட்டுப்பாடான சூழலில் வளர்த்த நெல்லில், அது எடுத்துக்கொண்ட மணிச்சத்தில் சுமார் 70 சதவீதம் பூஞ்சை வழியாகவே வந்ததாக 2012இல் அளந்து காட்டினார்கள்.

இதைப் படித்ததும் 70 சதவீத உரத்தை நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போடக் கூடாது. பூஞ்சை மணிச்சத்தை உண்டாக்குவதில்லை. மண்ணில் ஏற்கெனவே உள்ள இருப்பை எடுத்துத் தருகிறது, அவ்வளவுதான். 1 டன் நெல் விளைந்தால் தானியமும் வைக்கோலுமாகச் சுமார் 3 கிலோ பாஸ்பரஸ் வயலைவிட்டு வெளியேறுகிறது. பல ஆண்டுகளாக டிஏபி கொட்டி இருப்பு சேர்ந்த மண்ணில் சில பருவங்கள் குறைத்துப் போடலாம், அங்கே மைக்கோரைசா கெட்டிக்கார உதவியாள். இருப்பே இல்லாத மண்ணில் அது எதை எடுத்துத் தரும்? மண் பரிசோதனைச் சீட்டில் மணிச்சத்து நடுத்தரம் அல்லது அதிகம் என்று இருந்தால் மட்டும் கால் பங்கு குறைத்துப் பாருங்கள். தழைச்சத்தை இதன் பேரில் குறைக்கவே வேண்டாம். மைக்கோரைசா காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்காது.

நாற்றங்காலில் போடுவதா, வயலிலா? நட்டு வளர்க்கும் நெல்லுக்கு என் விடை, நாற்றங்கால். சேற்றுழவு மண்ணிலுள்ள இழை வலையை அறுத்துக் குழப்பிவிடும். அதன்பின் தண்ணீர் நின்றால் வெளியிலிருந்து வேருக்குள் புதிதாக நுழைவது கடினம். ஆனால் வேருக்குள் முன்பே குடியேறிய பூஞ்சை ஓரளவு தாக்குப்பிடிக்கும், காரணம் நெல் தன் தண்டிலிருந்து வேருக்குக் காற்றறைத் திசு வழியாக ஆக்சிஜன் அனுப்புகிறது. 1990களில் ஜப்பானில் நடந்த ஆய்வுகள் இந்த வழியைத்தான் பிடித்தன: புழுதி நாற்றங்காலில் பூஞ்சையை ஏற்றி, பிறகு சேற்றில் நட்டார்கள், பயனும் தெரிந்தது. பரப்பு சிறிதாக இருப்பதால் பொருளும் மிகக் குறைவாகவே செலவாகும். முழு வயலுக்கு வீசுவதோடு ஒப்பிட்டால் இதுவே பெரிய மிச்சம்.

ஒரு சிக்கல் உண்டு. பூஞ்சை வேரில் நன்றாகப் பரவ 3 முதல் 5 வாரம் பிடிக்கும். திருந்திய நெல் சாகுபடியில் 14 நாளுக்குள்ளும், இயந்திர நடவுக்கான பாய் நாற்றங்காலில் அதையொட்டிய வயதிலும் நாற்றைப் பிடுங்கிவிடுகிறோம். அந்த வயதில் பூஞ்சை வாசலில்தான் நிற்கும். இளநாற்றா, பூஞ்சை ஏறிய நாற்றா என்று தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால், இளநாற்றையே தேர்ந்தெடுங்கள். அதன் தூர்க்கட்டும் திறனை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

புழுதியில் நேரடியாக விதைப்பவருக்கு நிலைமை முற்றிலும் வேறு. விதைத்த நாளிலிருந்தே காற்றோட்டம், நடவு அதிர்ச்சி இல்லை, சேற்றுழவு இல்லை. மைக்கோரைசாவுக்கு நெல்லில் இதைவிட நல்ல இடம் கிடையாது. விதையோடு சேர்த்து வேர் வரும் பாதையில் விழும்படி போட்டால் போதும். தண்ணீர் சேமிப்பும் இங்கேதான் மிகப் பெரியது. ஆனால் இந்த முறையின் சுமைகளைப் பூஞ்சை தூக்காது. களை மிகக் கடுமையாக வரும். சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்துக் குறைந்து இளம்பயிர் வெளுக்கும். வேர்முடிச்சு நூற்புழு பெருகும்.

பையில் இருப்பது உயிரோடு இருக்கிறதா? மைக்கோரைசாவின் பெரிய மறைமுகச் செலவு இதுதான். உயிருள்ள வேர் இல்லாமல் இந்தப் பூஞ்சை பெருகாது. தவிட்டிலோ சர்க்கரைக் கரைசலிலோ வளர்க்க முடியாது. மக்காச்சோளம், சோளம் போன்ற பயிரின் வேரில் வளர்த்து அந்த மண்ணையும் வேர்த்துண்டையும் சேர்த்து விற்கிறார்கள், அல்லது ஆய்வுக்கூடத்தில் கேரட் வேரில் வளர்க்கிறார்கள். அதனால் விலையும் கூடுதல், தரம் குறைந்த பொருளும் அதிகம். பல நாடுகளில் கடைப் பொருள்களை வாங்கிச் சோதித்தபோது, கணிசமானவை செடியின் வேரில் குடியேறவே இல்லை. அட்டையில் பூஞ்சை வித்து (ஸ்போர்) எண்ணிக்கையும் தயாரித்த தேதியும் இல்லாத பையை வாங்கவே வேண்டாம். பையில் பூஞ்சையைச் சுமக்கும் நிரப்புப் பொருளிலேயே உரம் கலந்திருந்தால், செடி பசுமையானது பூஞ்சையாலா உரத்தாலா என்பது உங்களுக்கே தெரியாது.

உயிருள்ள, நல்ல பொருளாக இருந்தாலும் வயலுக்கு வயல் பலன் மாறும். 2023இல் சுவிட்சர்லாந்தில் 54 மக்காச்சோள வயல்களில் ஒரே பூஞ்சையைப் போட்டுப் பார்த்தார்கள். பயிர் வளர்ச்சி ஒரு வயலில் 40 சதவீதம் கூடியது, இன்னொன்றில் 12 சதவீதம் குறைந்தது. மண்ணில் ஏற்கெனவே என்னென்ன பூஞ்சைகள் இருக்கின்றன, குறிப்பாக நோய்ப் பூஞ்சைகள் எவ்வளவு என்பதுதான் பலனை அதிகம் தீர்மானித்தது. நோய்ப் பூஞ்சை மிகுந்த வயல்களில்தான் மைக்கோரைசா அதிகம் உதவியது. அது மக்காச்சோளம்தான், நெல் இல்லை. ஆனாலும் "எல்லா வயலுக்கும் இத்தனை சதவீதம்" என்ற வாக்குறுதி ஏன் நிற்காது என்பதற்கு இதைவிட நேரான பதில் வேண்டாம்.

விதைக்கு கார்பன்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கலந்துவிட்டு மைக்கோரைசா போடுவதும் வீண். பெனோமில் என்ற மருந்து மண்ணில் சிதைந்து கார்பன்டாசிம் ஆகிறது. வயல் ஆய்வில் மைக்கோரைசாவை வேண்டுமென்றே அழிக்க நெடுங்காலம் பயன்படுத்தியதே அந்த பெனோமிலைத்தான்.

வாங்காமலும் பெறலாம் என்பதையும் சொல்ல வேண்டும். நெல்லுக்குப் பின் பயறு, சோளம், மக்காச்சோளம் என்று ஏதாவது நின்றால் மண்ணின் சொந்த மைக்கோரைசா பெருகும். கடுகு, முட்டைக்கோஸ் குடும்பத்துப் பயிர்கள் இதற்கு இடம் கொடுப்பதில்லை. நீண்ட தரிசும் அப்படியே. நான் ஒரு பை மைக்கோரைசாவையும் ஒரு பருவப் பயறையும் தராசில் வைத்தால் பயறு பக்கம்தான் சாய்வேன், ஏனென்றால் அது தழைச்சத்தும் சேர்த்துத் தருகிறது.

## வழி 3: டிரைக்கோடெர்மா

இதன் குணம் வேறு. உயிருள்ள வேருக்காகக் காத்திருக்காது. தவிட்டிலும் வேகவைத்த தானியத்திலும் ஒரு வாரத்தில் பச்சைப் பசேலென்று படரும். சில இனங்கள் திறந்ததும் தேங்காய் வாசம் அடிக்கும், அது அவை சுரக்கும் ஒரு வாசனைப் பொருள். எளிதாகப் பெருகுவதால் விலை குறைவு, போலியும் ஒப்பீட்டளவில் குறைவு. ஒரு சிட்டிகையை வேகவைத்த அரிசியில் தூவி மூடி வைத்தால் உயிர் இருக்கிறதா என்று வீட்டிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

நெல்லுக்கு இது செய்யும் முக்கிய வேலை, நோய்ப் பூஞ்சையை ஒடுக்குவதும் இளவேரைத் தூண்டுவதும். இலையுறைக் கருகலை உண்டாக்கும் ரைசோக்டோனியாவின் இழையைச் சுற்றி வளைத்துத் தின்னும். மலேசியாவில் திருந்திய நெல் சாகுபடியோடு டிரைக்கோடெர்மா அஸ்பெரெல்லத்தைச் சேர்த்து நடத்திய ஆய்வுகளில் நாற்றின் வளர்ச்சியும் ஒளிச்சேர்க்கையும் கூடின. இளநாற்று நடுபவர்களுக்கு மைக்கோரைசாவைவிட இது பொருந்துவதற்குக் காரணம் வேகம்தான்: விதைநேர்த்தியிலேயே வேலை தொடங்கிவிடும்.

ஆனால் உரம் குறைக்கும் கருவியாக இதை நம்ப வேண்டாம். மைக்கோரைசாபோல் தூரத்திலிருந்து மணிச்சத்தைச் சுமந்து வந்து வேர்ச் செல்லுக்குள் கொடுக்கும் அமைப்பு இதற்கு இல்லை. வேர் நன்றாக இருந்தால் போட்ட உரம் கூடுதலாகப் பயன்படும், அது மறைமுகப் பலன். அறுவடைக்குப் பின் தாளையும் வைக்கோலையும் மட்க வைக்க இதைப் பயன்படுத்தினால், அதிலுள்ள சாம்பல் சத்து (பொட்டாஷ்) வயலுக்கே திரும்பும். நெல் எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் இருக்கிறது. என் பார்வையில் டிரைக்கோடெர்மாவின் உர மதிப்பு அங்கேதான், நாற்றில் அல்ல.

எச்சரிக்கைகள் சில. வைக்கோலில் காளான் வளர்ப்பவர்கள் இதைக் காளான் குடில் பக்கமே கொண்டுபோகக் கூடாது. காளான் படுக்கையை அழிக்கும் பச்சைப் பூசணம் இதே பேரினத்தைச் சேர்ந்தது. கார்பன்டாசிம் இதையும் கொல்லும். டிரைக்கோடெர்மாவின் சில வகைகள் மைக்கோரைசா இழைகளையே தாக்குவது ஆய்வுக்கூடத்தில் பதிவாகியிருப்பதால், இரண்டையும் ஒரே பையில் கலந்து விற்கும் கலவைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். டிரைக்கோடெர்மா விதைக்கு, மைக்கோரைசா நாற்றங்கால் மண்ணுக்கு என்று பிரித்துப் போடுவதே நல்லது.

## வழி 4: வேருக்குள் வாழும் மற்ற பூஞ்சைகள்

செரண்டிபிட்டா இண்டிகா தார் பாலைவனத்தில் சீமைக் கருவேலம், இலந்தை வகைச் செடிகளின் வேர்மண்ணிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 1998இல் விவரிக்கப்பட்டது. மைக்கோரைசா செய்யும் சில வேலைகளைச் செய்யும், ஆனால் ஊட்டக்கரைசலில் தனியாக வளர்க்கலாம் என்பதே அதன் கவர்ச்சி. 2011இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், வெந்நீர் ஊற்றுப் பகுதியிலும் கடற்கரை மணலிலும் வளரும் புற்களுக்குள் வாழும் பூஞ்சைகளை நெல்லில் ஏற்றினார்கள். நெல்லின் தண்ணீர்ச் செலவு 20 முதல் 30 சதவீதம் குறைந்தது.

எண் பெரிது. ஆனால் அந்தப் பூஞ்சைகளில் ஒன்று ஃபியூசேரியம் குல்மோரம், கோதுமையில் நோய் உண்டாக்கும் இனம். கட்டுப்பாடான இடத்தில் நன்மை செய்தது உங்கள் வயலுக்கு அடுத்த கோதுமையில் என்ன செய்யும் என்பது சாதாரணக் கேள்வி அல்ல. ஆய்வு நடத்துபவர்களோடு சேர்ந்து ஒரு பாத்தியில் போட்டுப் பார்ப்பதற்கு மேல் இந்த வழியை இப்போது யாருக்கும் சொல்ல மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| | காய்ச்சலும் பாய்ச்சலும் | மைக்கோரைசா | டிரைக்கோடெர்மா | மற்ற உள்வாழ் பூஞ்சை |
|---|---|---|---|---|
| தொடர்ந்து நீர் நின்றால் | பொருந்தாது | பலன் மிகக் குறைவு | விதை, நாற்று அளவில் மட்டும் | நம்ப முடியாது |
| தண்ணீர் சேமிப்பு | நேரடி, உறுதியானது | மறைமுகம் | மிகக் குறைவு | தொட்டியில் நல்லது |
| குறைக்க உதவும் உரம் | யூரியா, இலை வண்ண அட்டையோடு | மணிச்சத்து, மண்ணில் இருப்பு இருந்தால் | வைக்கோல் மட்கினால் சாம்பல் சத்து | தெளிவில்லை |
| பெரிய மறைமுகச் செலவு | களை | செத்துப்போன பொருள், மருந்துக் கட்டுப்பாடு | காளான் குடிலுக்கு ஆபத்து | நோயாக மாறும் வாய்ப்பு |
| வயல் சான்று | வலுவானது | வயலுக்கு வயல் மாறும் | நாற்றுக்கும் நோய்க்கும் நல்லது | மிகக் குறைவு |

## உங்கள் வயலுக்கு எது?

தண்ணீரைக் கட்டுப்படுத்த வழியே இல்லை, பருவம் முழுக்க நிற்கும் என்றால் மைக்கோரைசா வாங்காதீர்கள். விதைக்கு டிரைக்கோடெர்மா, யூரியாவுக்கு இலை வண்ண அட்டை, இரண்டும் போதும்.

தண்ணீர் கையில் இருக்கிறது, இளநாற்று நடுகிறீர்கள் என்றால் காய்ச்சலும் பாய்ச்சலும் முதலில். அது கைக்கு வந்தபின் டிரைக்கோடெர்மா. 25 நாள் அளவு நாற்றைப் புழுதி நாற்றங்காலில் வளர்ப்பவர் என்றால் அங்கே மைக்கோரைசாவைச் சேர்க்கலாம், செலவு சிறியது.

புழுதி விதைப்பு, மானாவாரி நெல் என்றால் மைக்கோரைசாதான். அதிலும் முன்பயிர் பயறாக இருந்தால், பை வாங்குமுன் உங்கள் மண்ணிலேயே போதுமானது இருக்கிறதா என்று பாருங்கள்.

நெல்லில் மணிச்சத்து உரமே போடாமல் பல ஆண்டு ஓட்டிய நிலம் என்றால், எந்தப் பூஞ்சையும் முதல் செலவாக இருக்கக் கூடாது. மண்ணுக்கு முதலில் சத்து வேண்டும்.

## வேரில் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

இதற்கு விலையுயர்ந்த சாயம் தேவையில்லை. எழுதும் மையும் வெள்ளை வினிகரும் போதும் என்று 1998லேயே காட்டிவிட்டார்கள். நெல்லின் மெல்லிய பக்கவேர்களைத் தண்ணீரில் அலசி, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வேர் கண்ணாடிபோல் தெளியும்வரை கொதிநிலையில் வைக்க வேண்டும். இந்தக் கரைசல் தோலையும் கண்ணையும் பொசுக்கும், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். பள்ளி, கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஓர் ஆசிரியர் உதவியோடு செய்வது நல்லது. பிறகு நன்றாக அலசி, 5 சதவீத மை கலந்த வினிகரில் 3 நிமிடம் கொதிக்கவைத்து, சில துளி வினிகர் விட்ட தண்ணீரில் 20 நிமிடம் வைத்தால் அதிகப்படி நிறம் இறங்கிவிடும். நுண்ணோக்கியில் வைத்தால், நிறமற்ற வேர்ச் செல்களுக்கு நடுவே நீல இழைகள் ஓடுவதும், செல்லுக்குள் புதர்போல் கிளைத்து நிற்பதும் தெரியும். அந்தப் புதர்கள் தெரிந்தால் உறவு நடக்கிறது. வெறும் உருண்டைகளோ கணுவுள்ள இழைகளோ மட்டும் தெரிந்தால் அது வேறு பூஞ்சையாக இருக்கலாம்.

வயல் சோதனைக்கு மூன்று பாத்திகள் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. என் கருத்தில் ஒவ்வொரு முறைக்கும் குறைந்தது மூன்று பாத்தி வேண்டும், இடையே தனி வரப்பும் வேண்டும், இல்லையென்றால் தண்ணீரோடு உரமும் பூஞ்சையும் இடம் மாறிவிடும். ஒரு முறையில் உயிருள்ள பொருள். இன்னொன்றில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் அதே பொருளை நன்றாக வேகவைத்து ஆறவிட்டுப் போடுங்கள். வேகவைத்ததைப் போட்ட பாத்தியும் உயிருள்ளதைப் போட்ட பாத்தியும் ஒரே மகசூல் தந்தால், நீங்கள் காசு கொடுத்தது பையிலிருந்த நிரப்புப் பொருளுக்குத்தான், பூஞ்சைக்கு அல்ல. இந்த மூன்று முறைப் பாத்திகளிலும் மணிச்சத்தைக் கால் பங்கு குறைத்தே போடுங்கள். முழு அளவு போட்டால் வித்தியாசம் எதிலும் தெரியாது. நான்காவது முறையாக முழு அளவு உரத்தோடும் பாத்திகள் தனியாக இருக்கட்டும், குறைத்ததால் எவ்வளவு இழந்தோம் என்பதற்கு அதுதான் கணக்கு. வேர் மாதிரியைத் தூர்கட்டும் பருவத்தில் ஒரு முறையும், பூக்கும் பருவத்தில் ஒரு முறையும் எடுங்கள்.